லெஃப்ட் டேம்பர்ல அட்ஜஸ்டர் வேலை செய்யல, ஜோடியா மாத்திக் குடுங்க

கஸ்டமர் கேர் மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கங்க. ரெண்டு மாசம் முன்னாடி உங்க கம்பெனில முன்பக்கத்துக்கு அட்ஜஸ்டபிள் காயிலோவர் (ஸ்பிரிங்கும், அதோட ஆட்டத்த அடக்குற டேம்பரும் ஒண்ணா சேந்தது) ஒரு ஜோடி வாங்குனேன், 38,000 ரூபா. வண்டி நானே வீட்டு ஷெட்ல கட்டுனது, லோட்டஸ் செவன் கார் மாதிரி பைப்ப வெல்ட் பண்ணுன ஸ்பேஸ் ஃப்ரேம், மாருதி எஸ்டீம் இன்ஜின், மொத்தமே 560 கிலோ, ட்ராக்ல மட்டும்தான் ஓட்றேன்.

மாட்டுன நாள்ல இருந்தே லெஃப்ட் சைடு சரியில்ல. வண்டியோட மூக்குல கை வச்சு அழுத்தி விட்டா ரைட் ஒரு தடவ எந்திரிச்சு அப்படியே நிக்குது, லெஃப்ட் மூணு தடவ ஆடுது. செட்டிபாளையம் ட்ராக்ல ரைட் திரும்பி வெளிய வர்ற எடத்துல லெஃப்ட் மூக்கு டக்குனு எந்திரிக்குது, ஸ்டியரிங் கையில லேசாயிடுது. அந்த வேகத்துல அது பயமா இருக்குங்க.

நான் மொதல்ல உங்க பொருள சந்தேகப்படவே இல்ல, என் வெல்டிங்கத்தான் சந்தேகப்பட்டேன். வீல புடிக்கிற விஷ்போன் பிராக்கெட் எல்லாம் மறுபடி அளந்தேன், நூல் கட்டி டோ (வீல் உள்ள வெளிய திரும்பி இருக்கான்னு) பாத்தேன், கேம்பர் (வீலோட சாய்வு) ரெண்டு பக்கமும் மைனஸ் ஒன்றரை டிகிரி, நாலு வீலுக்கும் அடில எடை மெஷின் வச்சு நான் உக்காந்துக்கிட்டு ஸ்பிரிங் காலர திருகித் திருகி முன்னாடி ரெண்டுக்கும் வித்தியாசம் 4 கிலோவுக்குள்ள கொண்டு வந்தேன், மூணு ஞாயித்துக்கெழம இதுக்கே போச்சு, ஆனா ஆட்டம் மட்டும் நிக்கவே இல்ல.

கடைசியா ரெண்டையும் கழட்டி, ஸ்பிரிங்க எடுத்துட்டு, பாடிய வைஸ்ல புடிச்சு தலைகீழா தொங்கவிட்டு ராடுல 10 கிலோ எடைக்கல்ல கட்டி எவ்வளவு நேரத்துல கீழ வருதுன்னு பாத்தேன். அட்ஜஸ்டர் நாப முழுசா லூஸ் பண்ணா ரைட் 3 செகண்ட், முழுசா டைட் பண்ணா 11 செகண்ட். லெஃப்ட் லூஸ்லயும் 3, டைட்லயும் 3. நாப் 24 கிளிக்கும் டக் டக்குன்னு கேக்குது, உள்ள ரீபவுண்டு (டேம்பர் விரியிறத அடக்குற பலம்) ஒண்ணுமே மாறல. வால்வோட அந்த நாப் சேரவே இல்லைனு நெனைக்கிறேன்.

இத சொல்லி போன் பண்ணா உங்க ஆளு, "வீட்ல கட்டுன வண்டிங்களா, அப்ப ஃபிட்டிங் மிஸ்டேக்குங்க, வாரண்டி கெடையாது"ன்னு வச்சுட்டாரு. மனசு ரொம்ப கஷ்டமா போச்சுங்க. வண்டியில இருந்து கழட்டி வைஸ்ல தொங்குற டேம்பருக்கு என் ஃபிட்டிங் என்னங்க பண்ணும்? இது கோயம்புத்தூருங்க, மாருதி 800 இன்ஜின வச்சு இங்க ரேஸ் கார் கட்டுன கரிவரதன் பேர்லதான் அந்த ட்ராக்கே இருக்கு. சொந்தமா வண்டி கட்றவங்கதான உங்க பொருள வாங்குறோம், வாரண்டி கார்டுலயும் வீட்ல கட்டுன வண்டிக்கு கெடையாதுன்னு ஒரு வரி கூட இல்ல.

எனக்கு வேண்டியது லெஃப்ட் மட்டும் இல்ல, ஒரே மாதிரி டெஸ்ட் பண்ண புது ஜோடி, ரெண்டோட டைனோ கிராஃபும் (மெஷின்ல டெஸ்ட் பண்ண ரிசல்ட்) கூடவே வேணும். புதுசு ஒண்ணும் ஓடுனது ஒண்ணும் மாட்டுனா திரும்பவும் இதே பிரச்சனைதான் வரும். 15 நாள்ல பதில் வரலைன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு போன் பண்ணி புகார் பதிவு பண்ணிடுவேன்.

பில் காப்பியும், எடைக்கல்லு தொங்கவிட்ட வீடியோவும் இணைச்சிருக்கேன். டேம்பர் ரெண்டும் உங்க பெட்டியிலயே ரெடியா இருக்கு, எடுத்துக்க ஆள் அனுப்புங்க.