யானைதானே, எங்கே பார்த்தால் என்ன என்று கேட்டீர்களே, அதற்காக இந்தப் புகார்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம் சார். ஜூலை கடைசியில் உங்கள் வேலூர் ஆபீசுக்கு நேரில் வந்து, இலங்கைக்குத் தனியாக ஏழு நாள் போய்வர 46,500 ரூபாய் கட்டினேன். அதில் 9,500 ரூபாய் சஃபாரிக்கு மட்டும். ரசீதில் உங்கள் ஆட்களே எழுதியிருக்கிறார்கள்: மின்னேரியா தேசியப் பூங்கா, அரை நாள் ஜீப், நுழைவுக் கட்டணம் உட்பட. அந்தச் சஃபாரி எனக்குக் கிடைக்கவில்லை. கட்டிய பணம் திரும்ப வேண்டும், அதோடு இன்னொன்றும் வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் தவறு தங்குமிடம். கொழும்பு கோட்டை ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம் என்று சொல்லிவிட்டு, பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி மொரட்டுவையில் போட்டிருந்தீர்கள். நல்லவேளை, கடலை ஒட்டியே ரயில் ஓடுகிறது, ஊர்ப் பெயரெல்லாம் தமிழிலும் எழுதியிருக்கிறது, இறங்கி ஏறிச் சமாளித்துக்கொண்டேன். கொழும்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. புறக்கோட்டை சந்தில் நுழைந்தால் நம் நேதாஜி மார்க்கெட் மாதிரியே மூட்டையும் கூச்சலும். செட்டியார் தெருவில் நகைக்கடைகளுக்கு நடுவில் கதிரேசன் கோயில், கொஞ்சம் தள்ளி சிவப்பும் வெள்ளையுமாக வரிவரியாய்க் கட்டிய பள்ளிவாசல், சாயங்காலம் காலிமுகத்திடலில் இறால் வடை. ஒரு பொண்ணு தனியாகச் சுற்றுகிறாளே என்று யாரும் தொந்தரவு செய்யவில்லை. அதனால் தங்குமிடத்துக்காக நான் பணம் கேட்கவில்லை.

யானை விஷயம் அப்படியில்லை சார்.

எனக்கு ஊர் குடியாத்தம் பக்கம், மோர்தானா அணைக்குப் போகிற வழி. 1980களில் ஓசூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து கிளம்பி ஆந்திராவின் கௌண்டின்யக் காட்டுக்குப் போய்ச் சேர்ந்த யானைகள்தான் எங்கள் பக்கமும் பேர்ணாம்பட்டுப் பக்கமும் தோட்டத்தில் இறங்குகின்றன. சின்ன வயதிலிருந்து எனக்கு யானை என்றால் ராத்திரியில் கேட்கிற பட்டாசும் தகரம் தட்டுகிற சத்தமும்தான். காலையில் போய்ப் பார்த்தால் வாழை சாய்ந்து கிடக்கும், சேற்றில் முறம் அகலத்துக்குக் காலடி இருக்கும், யானை இருக்காது. அப்பா ராத்திரி காவலுக்குப் போனால் திரும்பி வருகிறவரை அம்மா தூங்கமாட்டார். அதற்கும் நம்மேல் பயமில்லாமல், நமக்கும் அதன்மேல் பயமில்லாமல், பகல் வெளிச்சத்தில் அது பாட்டுக்கு மேய்வதை ஒரு தடவையாவது பார்க்கவேண்டும் என்று ரொம்ப வருஷ ஆசை. ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம் சார் அது.

மின்னேரியாவை நான் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. மகாசேன மன்னன் காலத்தில் கட்டிய ஏரி அது. ஆகஸ்ட், செப்டம்பரில் தண்ணீர் உள்வாங்கும்போது ஏரிப் படுகையில் இளம்புல் முளைக்கும், அதைத் தின்னச் சுற்றுக் காடுகளிலிருந்து யானைகள் கூட்டம் கூட்டமாக வந்து சேரும். இதை உங்கள் ஆபீசில் உட்கார்ந்து நானே எடுத்துச் சொன்னேன், குறிப்பெடுத்த மேடமும் தலையாட்டினார்.

சஃபாரி நாளன்று, மின்னேரியா பக்கத்து ஊரான ஹபரணையில், மதியம் இரண்டரைக்கு ஜீப் வரவில்லை, ஆட்டோ வந்தது. பத்து நிமிஷத்தில் ஒரு தோப்பு வாசலில் இறக்கிவிட்டார்கள். உள்ளே ஒரு பெண் யானை, முதுகில் பலகை கட்டி, ஏறுவதற்கு மேடை. ‘சவாரி முக்கால் மணி நேரம்’ என்று டோக்கன் கொடுத்தார்கள். நான் ஏறவில்லை. அதன் பக்கத்தில் நின்று பார்த்தேன். முன்னங்காலில் சங்கிலி உரசி உரசி ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் போயிருந்தது, அதன்மேல் ஊதா மருந்து, மருந்துமேல் ஈ. நின்ற இடத்திலேயே இடதுகால் வலதுகால் என்று உடம்பை மாற்றி மாற்றி ஆட்டிக்கொண்டே இருந்தது, நான் நின்ற இருபது நிமிஷமும் நிறுத்தவே இல்லை. தோல் பார்ப்பதுதான் என் வேலை, கீறல் எது, தேய்ந்து தேய்ந்து வந்தது எது என்று எனக்குத் தெரியும். அது ஒரு நாளில் வந்த புண்ணில்லை.

அங்கிருந்தே உங்கள் ஆபீசுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது: ‘யானைதானே மேடம், எங்கே பார்த்தால் என்ன? மேலே ஏறி நல்லா போட்டோ எடுத்துக்குங்க.’ ஆட்டோ அண்ணன் தமிழ் பேசுகிறவர், பாவம், ‘எனக்கு இங்க கொண்டுவந்து விடத்தான் சொன்னாங்க தங்கச்சி’ என்றார். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. மின்னேரியாவில் யானை குறைவாக இருந்தால் கவுடுல்லைக்கோ ஹுருலுவுக்கோ கூட்டிப்போவது அங்கே வழக்கம்தான். அப்படிச் செய்திருந்தால் ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டேன், ஏனென்றால் அதுவும் காடு.

அப்புறம் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி, விடுதியில் இருந்த இரண்டு பேரோடு சேர்ந்து, நுழைவுக் கட்டணத்தோடு என் பங்கு 8,200 ரூபாய் கொடுத்து மறுநாள் மின்னேரியாவுக்கே போனேன். டிரைவர் தூரத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டார். ஒரு தாய் யானை முன்னங்கால் நகத்தால் புல்லைச் சீய்த்து, தும்பிக்கையில் கொத்தாகச் சுருட்டி, மண் போக முழங்காலில் பட்பட்டென்று இரண்டு அடி அடித்துவிட்டுத்தான் வாயில் வைத்தது. குட்டி அதைப் பார்த்து அதேபோல் அடிக்கப் பார்த்தது, புல் பறந்து போய்விட்டது. ஜீப்பில் யாரும் பேசவில்லை, எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீங்கள் விற்றதாகச் சொன்னது இதைத்தான் சார்.

அந்த ஒரு நாள் போனதால் கண்டியில் ஒரு ராத்திரி போய்விட்டது, 1,900 ரூபாய் அறை வாடகையும் வீண். வேலூர்க்காரர் உங்களுக்கு இதன் அருமை தெரியும். கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வெள்ளைக்காரர்கள் 1816இல் நம் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள், 1832இல் இங்கேயே இறந்தார், பாலாற்றங்கரை முத்து மண்டபம் அவர் சமாதிதான். அவர் வெட்டிய கண்டி ஏரியைச் சுற்றி நிதானமாக ஒரு சுற்று நடக்கவேண்டும் என்று வைத்திருந்தேன். கிடைத்தது இரண்டு மணி நேரம், அதில் பாதி ரயில் டிக்கெட் வரிசையில்.

ஆகவே 9,500, 8,200, 1,900 என மொத்தம் 19,600 ரூபாயை என் வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள். வேறு டூரில் கழித்துக்கொள்கிறோம் என்று நீங்கள் சொல்வது வேண்டாம், ஏற்கெனவே ஒரு தடவை போனில் சொல்லிவிட்டேன். இரண்டாவது, உங்கள் ஆபீஸ் சுவரில் இப்போதும் ஒட்டியிருக்கிற யானைச் சவாரி போஸ்டரை எடுத்துவிடுங்கள், அதைச் சஃபாரி என்ற பெயரில் இன்னொருவருக்கு விற்காதீர்கள். எனக்குப் பணத்தைவிட இதுதான் முக்கியம். புண்ணுள்ள காலோடு அந்த யானை இன்றைக்கும் யாரையோ சுமந்துகொண்டிருக்கும், அந்த யாரோ உங்கள் டோக்கனில் ஏறியவராக இருக்கக்கூடாது.

பதினைந்து நாளில் எழுத்தில் பதில் வேண்டும். வரவில்லை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை, எல்லாம் விசாரித்துவிட்டேன்.

ரசீது நகல், சவாரி டோக்கன், நான் மேடைப் பக்கத்திலிருந்து எடுத்த காலின் போட்டோ மூன்றையும் இணைத்திருக்கிறேன். போட்டோவை அன்றைக்குப் போன் எடுத்தவரிடமும் காட்டுங்கள்.

இப்படிக்கு,
குடியாத்தத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர்