நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் கிணற்றடியையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையில் அண்மையில் வந்த நெடுந்தீவுப் பயணக் கட்டுரையை வாசித்தேன். யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலில் கிடக்கும் அந்தத் தீவில் பிறந்து வளர்ந்தவள் நான். குதிரைகள், பெருக்கமரம், போர்த்துக்கேயர் கோட்டை, புறாக்கூடு, வளரும் கல் என்று எல்லாம் வந்திருந்தன. படங்களும் அழகு. தண்ணீரைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. தண்ணீரை விட்டுவிட்டு எங்கள் ஊரைச் சொல்ல முடியாது, ஐயா.

தீவில் ஆறு கிடையாது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்கிற மழையைத்தான் ஆண்டு முழுக்க நம்பியிருக்க வேண்டும். சுண்ணக்கல் நிலம் அந்த மழையைக் குடித்துக் கீழே இறக்கும். அங்கே நன்னீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கும். கையால் அள்ளினால் தாங்கும். மோட்டார் பூட்டி ஒரேயடியாக இழுத்தால் அடியில் கிடக்கும் உவர் மேலேறிவிடும். பிறகு அந்தக் கிணறு குடிக்க உதவாது.

என் அம்மா விடியமுன்னம் குடத்தோடு போவார். இரவிரவாக ஊறிய தண்ணீரை, வாளி அடியில் இடிக்காமல், மேலாக மொண்டு எடுப்பார். பிள்ளைகள் நாங்கள் வாளியை ஆழ விட்டால் ஏச்சு விழும். குடிக்க ஒரு கிணறு, உடுப்புத் தோய்க்க வேறொன்று, ஆடு மாட்டுக்கு இன்னொன்று. எந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு நன்றாக அவியும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இப்போது கடல்நீரைச் சுத்திகரித்துக் கொடுக்கிறார்கள். பெரிய ஆறுதல்தான். ஆனாலும் வருகிறவர்கள் சாராப்பிட்டிக் கிணறுகளுக்கும் போய், எட்டிப் பார்த்து, கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். இத்தனை தலைமுறை இந்த மண்ணில் எப்படித் தங்கியது என்பது அங்கேதான் விளங்கும்.

குதிரைகளின் கதையும் தண்ணீரின் கதைதான். ஒல்லாந்தர் காலத்திலும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய அதிகாரி லெப்டினன்ட் நோலனின் பொறுப்பிலும் இங்கே குதிரை வளர்த்தார்கள். அந்த வழியில் வந்தவை இன்று கேட்பாரற்று வெளியில் திரிகின்றன. வறட்சி முற்றிய ஆண்டுகளில் தாகத்தால் செத்தும் இருக்கின்றன. ஆவணியில் வற்றிய கேணியொன்றில் ஒரு தாய்க்குதிரை முன்னங்குளம்பால் சேற்றைக் கிளறிவிட்டு, அந்தக் குழியில் நீர் கசியும் வரை தலையைத் தொங்கப்போட்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். குட்டி பக்கத்தில் நின்றது. அப்படிப்பட்ட உயிர்களை நடு வெயிலில் வாகனத்தில் கலைத்து ஓடவிட்டுப் படம் பிடிக்கிறார்கள். பார்க்க நெஞ்சு பொறுக்கவில்லை.

வேலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீமெந்து, சாந்து எதுவும் இல்லாமல் முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைக் கல்லை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வேலிகள் அவை. ஒரு கல் மற்றக் கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பூப்போல வரியோடிய கல்லைக் கண்டதும் ஞாபகத்துக்கென்று உருவிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். நாலு கல் போனால் வேலி சரியும், ஆடு உள்ளே இறங்கும், வாளி வாளியாக ஊற்றி வளர்த்த கன்று ஒரு பொழுதில் போய்விடும்.

காலைப் படகில் வந்து பின்நேரப் படகில் திரும்புகிற அவசரத்தில், மாவிலித்துறையில் இருக்கும் குமுதினிப் படகு நினைவாலயத்தையும் பலர் கடந்து போய்விடுகிறார்கள். 1985 மே 15ஆம் திகதி அந்தப் படகில் குழந்தைகளும் பெண்களுமாக எங்கள் சனம் வெட்டிக் கொல்லப்பட்டது. ஒரு நிமிடம் நின்று விட்டுப் போகலாம்.

உரியவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. நெடுந்தீவுப் படகு புறப்படுகிற, நயினாதீவுக்குப் போகும் சனமும் கூடுகிற குறிகட்டுவான் இறங்குதுறையில் மும்மொழியிலும் ஒரு பலகை வையுங்கள்: குடிதண்ணீர் கொண்டு போங்கள், வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டு வாருங்கள், கல்லில் கை வைக்காதீர்கள், குதிரையைக் கலைக்காதீர்கள். வைகாசி முதல் புரட்டாதி வரை குதிரைகளுக்குத் தொட்டிகளில் தண்ணீர் நிரப்ப நிரந்தரமாக ஓர் ஒழுங்கு செய்யுங்கள். வழிகாட்டும் வேலையை ஊர்ப் பிள்ளைகளுக்கே கொடுங்கள்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த கட்டுரைக்குத் தங்கள் செய்தியாளரை மழை முடிந்த பச்சையில் அனுப்பாமல் ஆவணியில் அனுப்புங்கள். ஓரிரவு தங்கட்டும். விடியமுன்னம் கிணற்றடிக்குக் கூட்டிப்போக எங்கள் உறவுக்காரர் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
யாழ்ப்பாணம்