குத்னா ஹோராவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்

மத்திய ஐரோப்பியச் சுற்றுலாக்களை நடத்தும் நிறுவனத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். செக் நாட்டின் தலைநகர் பிராகிலிருந்து, பழைய வெள்ளிச் சுரங்க ஊரான குத்னா ஹோராவுக்கு நீங்கள் நடத்தும் அரைநாள் பயணத்தில் வந்தவர்களுள் ஒருவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். அங்குள்ள சுரங்கத்தைக் காட்டாதது குறித்து அன்று பேருந்தில் எழுந்த வாக்குவாதம் உங்கள் செவிக்கு எட்டியிருக்கும். அதை மீண்டும் விவரிக்கப் போவதில்லை. என் வேண்டுகோள் இதுதான்: அந்த ஊருக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், வெள்ளிச் சுரங்கத்தைப் பார்க்க விரும்புவோரை உள்ளே அழைத்துச் செல்லுங்கள்.

உங்கள் பயணக் கையேட்டில் அந்த ஊரின் பெயருக்குக் கீழே ‘வெள்ளி நகரம்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். அதை நம்பிப் பணம் கட்டியவர்களில், கோலார் தங்க வயலில் பணியாற்றி, 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபோது வேலையிழந்து வீடு திரும்பிய பெரியவர் ஒருவரும் இருந்தார். பிராக் கோட்டையிலும் சார்லஸ் பாலத்திலும் எங்களோடு பொறுமையாக நடந்த அவர் உண்மையில் வந்தது, எந்திரம் இல்லாத காலத்தில் உளியும் சுத்தியலும் கொண்டு குடைந்த ஒரு சுரங்கத்துக்குள் ஒருமுறை இறங்கிப் பார்ப்பதற்காக. அந்த ஊரின் ஹிராதெக் அருங்காட்சியகத்தில் வெள்ளை மேலங்கியும் தலைக்கவசமும் விளக்கும் கொடுத்து, குனிந்தும் ஒருக்களித்தும் நடக்கவேண்டிய அந்தப் பாதைகளுக்குள் பார்வையாளர்களை அழைத்துச் செல்கிறார்கள் என்பதை அவர் புறப்படும் முன்பே தெரிந்துவைத்திருந்தார். உங்கள் வழிகாட்டியோ, நேரமில்லை என்று சொன்னதோடு நிறுத்தாமல், “வயதானவர்களுக்கு அதெல்லாம் சிரமம் ஐயா” என்று ஆறுதலும் சொன்னார். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கங்களைக் கொண்ட ஊரிலிருந்து வந்தவரிடம் இப்படிச் சொன்ன அந்த இளைஞர் மீது எனக்கு வருத்தமில்லை. அவர் கையில் நீங்கள் கொடுத்தனுப்பிய கால அட்டவணை அப்படி. ஆனால் அதே பயணத்தில் பிராகின் படிகக் கண்ணாடிக் கடை ஒன்றில் நாங்கள் நிறுத்திவைக்கப்பட்ட நேரம், சுரங்கத்துக்குள் போய்த் திரும்புவதற்குத் தாராளமாகப் போதும் என்பதை மட்டும் பணிவுடன் குறிப்பிடுகிறேன்.

எங்களுக்குக் காட்டப்பட்டது அந்த ஊரின் செட்லெட்ஸ் பகுதியில் உள்ள எலும்புத் தேவாலயம் ஒன்றே. அதையும் பேய்க்கதை சொல்லும் குரலில் விளக்கினார்கள். 1278-இல் அங்கிருந்த மடாதிபதி புனித பூமியிலிருந்து கொண்டுவந்த மண்ணைக் கல்லறைத் தோட்டத்தில் தூவினார் என்றும், அதன் பிறகு தொலைவில் உள்ளவர்களும் அங்கே அடக்கமாக விரும்பினார்கள் என்றும் சொல்வார்கள். கொள்ளைநோயிலும் ஹுஸ்ஸைட் போர்கள் எனப்படும் பதினைந்தாம் நூற்றாண்டுச் சமயப் போர்களிலும் மாண்டவர்களால் நிறைந்த அந்த நிலத்தின் எலும்புகளை, 1870-இல் ஃபிரான்டிஷெக் ரிண்ட் என்ற மரச்சிற்பி சரவிளக்காகவும் குலச்சின்னமாகவும் அடுக்கினார். பல்லாயிரம் மனிதர்களின் எச்சம் அது. 2020 முதல் முன் அனுமதியின்றி அங்கே படம் எடுக்கக் கூடாது என்பதையாவது நீங்கள் முன்கூட்டிச் சொல்லியிருந்தால், எங்கள் குழுவினர் வாசலில் கடிந்துரை கேட்க நேர்ந்திருக்காது. சில எட்டுத் தொலைவில், சாந்தினி என்ற கட்டடக்கலைஞர் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுப்பித்த மரியன்னை தேவாலயம் நிற்கிறது. 1995-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது அந்தத் தேவாலயத்தையும், பழைய நகரத்தையும், புனித பார்பரா தேவாலயத்தையும்தான்; அவற்றில் ஒன்றுக்குள்ளும் நாங்கள் காலடி வைக்கவில்லை.

மேட்டில் உள்ள அந்தப் பழைய நகரம் செட்லெட்ஸிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர்தான். 1300-இல் இரண்டாம் வாட்ஸ்லாவ் மன்னர் சுரங்கச் சட்டத்தை வகுத்து, ‘இத்தாலிய முற்றம்’ எனப்படும் அக்கசாலையில் (நாணயம் அடிக்கும் கூடத்தில்) பிராக் குரோஷன் என்ற வெள்ளி நாணயத்தை அடிக்கச் செய்தது அங்கேதான். இன்றைய செக் நாட்டுப் பகுதியை ஆண்ட பொஹீமிய அரசின் கருவூலமே அந்த ஊரின் வெள்ளியை நம்பியிருந்தது. சுரங்கத் தொழிலாளரின் காவலராகிய பார்பராவுக்கு 1388-இல் தொடங்கிய தேவாலயம், வெள்ளி வற்றியும் போர் மூண்டும் இடையிடையே நின்று, 1905-இல்தான் முழுமை பெற்றது. அதன் சுவர்களில் வழக்கமான புனிதர்களோடு நாணயம் அடிப்பவர்களின் ஓவியமும் இருக்கிறது, வெள்ளை அங்கி அணிந்த சுரங்கத் தொழிலாளியின் சிலையும் உண்டு. ஒரு தொழிலாளியைத் தேவாலயத்துக்குள் நிறுத்திவைத்த ஊருக்குப் போய், ஒரு தொழிலாளியைப் பேருந்திலேயே உட்காரவைத்துத் திரும்ப அழைத்துவந்திருக்கிறீர்கள்.

இதில் உங்கள் நிறுவனத்தை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. எத்தனை நாடுகள் என்ற எண்ணிக்கையைப் பார்த்துப் பணம் கட்டுகிற நாங்களும், அந்த எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதற்காக ஊர்களைக் கழிவறை நிறுத்தங்களாக்கிவிட்ட இத்துறையும் ஒருவரையொருவர் நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறோம். அடுத்த கட்டமாகப் பேருந்தின் கதவைத் திறக்காமலேயே ஐரோப்பாவைச் சுற்றிக்காட்டும் திட்டம் ஏதேனும் வந்தால், அதற்கும் தள்ளுபடி விலையில் முன்பதிவு நடக்கும். மன்னிக்கவும், கோபம் சற்று மீறிவிட்டது.

முழு நாள் தருவது இயலாத காரியமன்று. சுரங்கப் பார்வைக்கு முன்பதிவு செய்யலாம். குறுகிய பாதையில் இறங்க இயலாதவர்கள் அதே அருங்காட்சியகத்தில், குதிரைகளைப் பூட்டிச் சுரங்கத்திலிருந்து தாது இழுத்த பெரிய மர எந்திரத்தைப் பார்க்கலாம். இறங்குவதா வேண்டாமா என்பதை அவரவர் முடிவுக்கு விட்டுவிடுங்கள், வயதைப் பார்த்து நீங்கள் முடிவுசெய்ய வேண்டாம். குளிர்காலத்தில் சுரங்கம் மூடப்பட்டிருக்கும் என்பதால், அம்மாதங்களில் வரும் குழுவினருக்கு அதைக் கையேட்டிலேயே தெரிவித்துவிடுவது முறை.

அடுத்த பருவத்துக்கான கையேடு அச்சுக்குப் போகும் முன், குத்னா ஹோராவுக்கு ஒரு முழு நாளை அதில் சேர்த்துத் தருமாறு மிகுந்த பணிவுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். இயலாது என்று முடிவுசெய்தால், ‘வெள்ளி நகரம்’ என்ற வரியையாவது எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பயணிகளில் ஒருவன்