படத்தின் பின்பக்கத்தையும் காட்டுங்கள்

18ஆம் நூற்றாண்டுப் படை அதிகாரிகளின் உருவப்படங்களைக் காத்துவரும் அருங்காட்சியகத்தாருக்கு,

வணக்கம். போரில் இறந்த அதிகாரியின் படம் என்றால் அவர் பெயர், பதவி, இறந்த இடம், ஓவியர் யார் என்று கீழே எழுதுகிறீர்கள். சரி. அந்தப் படம் யாருடைய துக்கத்தில் பிறந்தது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதையும் எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பிரிட்டிஷ் தளபதி ஜேம்ஸ் வுல்ஃபையே எடுத்துக்கொள்வோம். 1759 செப்டம்பர் 13 அன்று, கனடாவின் கியூபெக் நகருக்கு வெளியே ஆபிரகாம் சமவெளியில் குண்டடிபட்டு இறந்தார். வயது 32. அவருடைய உதவி அதிகாரியாக இருந்த ஹெர்வி ஸ்மித் படம் வரையத் தெரிந்தவர். தன் தளபதியின் முகத்தைப் பக்கவாட்டில் கோட்டோவியமாக வரைந்திருந்தார். வுல்ஃப் இறந்த பிறகு அதை வைத்துத்தான் ஷாக் என்ற ஓவியர் வண்ணத்தில் தீட்டினார். லண்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் இருக்கும் அந்தப் படத்தைப் பாருங்கள். கூரிய மூக்கு, உள்வாங்கிய தாடை. அழகுபடுத்த யாரும் மெனக்கெடவில்லை. தினமும் கூட இருந்தவன் கண்ணுக்குத் தெரிந்த முகம் அது.

வுல்ஃபின் மரணத்தைப் பெஞ்சமின் வெஸ்ட் 1770இல் வரைந்த பெரிய ஓவியம் இன்று கனடாவின் ஒட்டாவாவில் இருக்கிறது. அதில் வுல்ஃபைச் சுற்றி நிற்பவர்களில் பலர் அந்த நேரத்தில் அங்கே இல்லவே இல்லை. அதில் நிற்கும் துணைத் தளபதி மாங்க்டன் அன்று தானே குண்டடிபட்டுக் கிடந்தவர். உலகம் முழுக்கத் தெரிந்தது அந்த ஓவியம்தான். எனக்கு ஸ்மித்தின் கோடுகள்தான் பெரிது.

வுல்ஃபிடமே ஒரு படம் இருந்தது. அவர் மணக்கவிருந்த கேத்தரின் லோதரின் சிற்றுருவப்படம். போருக்கு முந்தைய இரவு அதைப் பள்ளித் தோழரான கடற்படை அதிகாரி ஜெர்விஸிடம் ஒப்படைத்தார் என்பார்கள். 500 கினி (அந்தக் கால ஆங்கிலேயப் பொற்காசு) செலவில் கல் பதித்து அவளிடமே திருப்பித் தர வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார்.

அப்புறம் பிரிட்டிஷ் படை அதிகாரி ஜான் ஆன்ட்ரே. 1780 அக்டோபர் 2 அன்று அமெரிக்கர்கள் உளவாளி என்று அவரைத் தூக்கிலிட்டார்கள். முந்தைய நாள் மேசையருகே உட்கார்ந்திருப்பதுபோலத் தன்னையே மையால் வரைந்து, காவலுக்கு இருந்த அதிகாரி டாம்லின்சனிடம் கொடுத்தார். எதிரிப் படைக்காரர்தான். அந்தத் தாள் இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

சாதாரணச் சிப்பாய்களுக்கு இந்தப் பேறு கிடைக்கவில்லை. வரைய ஆள் வேண்டும், பணமும் வேண்டும். அதையும் ஒரு வரியில் சொல்லுங்கள்.

சிற்றுருவப்படங்களின் பின்பக்கத்தில்தான் பல நேரம் இறந்தவரின் முடிக்கற்றையும் பொறித்த பெயரும் தேதியும் இருக்கும். சுவரோடு ஒட்டி வைத்தால் அவை யார் கண்ணிலும் படாது. ஒரு கண்ணாடியையோ பின்பக்கத்தின் புகைப்படத்தையோ அருகில் வையுங்கள். பழைய சட்டத்தைக் கழற்ற நேர்ந்தால் அதில் ஒட்டிய துண்டுச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஷாக் வரைந்த படத்திலிருந்து தொடங்கலாம். ஓவியர் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ஹெர்வி ஸ்மித் பெயரும் வரட்டும்.

அன்புடன்,
ஒரு பார்வையாளர்