கலை வராதுன்னு சொன்ன மகளுக்கு

மக்ளே, நல்லா இருக்கியா. நேத்து போன்ல நீ சொன்னது மனசுலயே கெடக்கு, அதான் டைப் பண்ணுதேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காத. ரூம்ல ஒருத்தி கீபோர்டு வாசிக்கா, இன்னொருத்தி கேக்ல பூ போடுதா, எனக்குத்தான் ஒரு கலையும் வராது, ஆண்டவர் அந்த தாலந்தே தரலம்மான்னு சொன்னல்லா.

அப்போ போன மாசம் ஊசிக்கு அழுத சின்ன பையனுக்கு கிளவுஸை ஊதி கண்ணு மூக்கு வரைஞ்சு, முதல்ல அந்த பொம்மைக்கு ஊசி போடுற மாதிரி காட்டுனேன்னியே, அது என்னதாம்? நர்சிங் புக்லயா போட்டிருந்து?

பைபிள்ல யாத்திராகமம் 31-ம் அதிகாரத்தை எடுத்து வாசி. தேவ ஆவியால நிரப்புனேன்னு கர்த்தர் சொல்லுதது ஒரு ஆசாரியனையோ ராஜாவையோ இல்ல, பெசலெயேல்னு ஒரு கைவேலைக்காரனை. ஆசரிப்புக் கூடாரத்துக்கு, அதான் இஸ்ரவேலர் கர்த்தரை ஆராதிச்ச கூடாரத்துக்கு, பொன்னு, வெள்ளி, வெண்கலம், கல்லு, மரம்னு இதுல வேலை செய்யதுக்குத்தான் அந்த ஞானம். 35-ம் அதிகாரத்துல ஆட்டுமயிர் திரிச்ச பொம்பளைகளையும் விடாம எழுதியிருக்கு. பிரசங்கத்துல இத பெருசா எடுக்க மாட்டாவ, ஆசரிப்புக் கூடாரத்து அளவு வந்தாலே நம்ம சபையில பாதி பேரு உறங்கிருவாவ, அது வேற விஷயம்.

நம்ம ஊரையே பாரு. 1820-கள்ல மிஷனரி மார்த்தா மால்ட் அம்மா நாகர்கோவில்ல பிள்ளைகளுக்கு லேஸ் பின்ன சொல்லிக்குடுத்தாவ. திண்டுல குண்டூசி குத்தி, நூல் சுத்துன சின்ன கட்டைகளை மாத்தி மாத்தி போடுத வேலை. அடிமையா இருந்த பிள்ளைகள்ல சிலரு அந்த லேஸ் காசுலயே விடுதலை வாங்கியிருக்காவ, கேட்டியா. அந்த அம்மா மக எலைசா, கால்டுவெல் ஐயரை கட்டி இடையன்குடிக்கு போயி அங்கயும் லேஸ் வேலையை ஆரம்பிச்சாவ. உங்க பாட்டி லேஸ் பின்னும்போது மாதிரி பேப்பர்ல இல்லாத ஒரு இலைய எங்கயாவது சேத்துருவா, வாங்குறவியளுக்கு தெரியவே தெரியாது, அவளுக்கு அதுல ஒரு சந்தோஷம்.

உனக்கும் அந்த தாலந்து இருக்கு, ஆனா வளக்கணும். ரீல்ஸ்ல அவளவ செய்யத பாத்து ஏங்கிட்டு இருந்தா ஒண்ணும் வளராது. டியூட்டி முடிஞ்சதும் இன்னைக்கு எந்த பேஷன்ட்ட என்ன புதுசா செஞ்சு பாத்தேன்னு ஒரு நோட்டுல ரெண்டு வரி எழுது, சரிவராததையும் எழுது, அதப் பாக்கும்போதுதான் அடுத்தது தோணும். ஜெபத்துலயும் எப்பவும் பொறுமைய மட்டுமே கேக்காத, அந்த வார்டுக்கு வேண்டிய யோசனையையும் கேளு.

இன்னொண்ணு, பெசலெயேலுக்கும் அவன்கூட வேலை செஞ்ச அகோலியாபுக்கும் மத்தவங்களுக்கு சொல்லிக்குடுக்கவும் மனசு குடுத்தாருன்னு அதே 35-ல இருக்கு. புதுசா சேந்த பிள்ளை கை நடுங்க நடுங்க ஊசி போடுதுன்னியே, அவளை பக்கத்துல நிப்பாட்டி நீ எப்படி பேச்சு குடுக்கன்னு காட்டு. நாளைக்கு அவ உன்னய விட நல்லா செஞ்சா மூஞ்சிய தூக்காத, அந்த குணம் உனக்கு கொஞ்சம் உண்டு, அப்பாட்ட இருந்து வந்தது.

முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் அங்க வாற ஆள்ட்ட குடுத்து விட்டிருக்கேன், ரூம்ல இருக்கவியளுக்கும் குடு. நைட் டியூட்டிக்கு பட்டினியா போகாத மக்ளே.

அம்மா