அந்தப் ‘பத்து வருஷம்’ பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கவலை ஆயுளில் பத்து ஆண்டுகளைத் தின்றுவிடும் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை என் தங்கை கத்தரித்து, மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்தாள். மூன்று வருஷமாக மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்து வருகிறாள். செவ்வாய்க்கிழமை தற்செயலாக டப்பாவைத் திறந்தேன். ஞாயிறு, திங்கள் இரண்டு அறையிலும் மாத்திரை அப்படியே கிடந்தது. கேட்டதற்கு, “போன வயசு திரும்பியா வரப்போகுது, அக்கா?” என்றாள்.

கட்டுரை முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். செல்லுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் இழையான குரோமோசோமின் நுனியில் உறை போல இருக்கும் டெலோமியர், செல் பிரியப் பிரியத் தேய்கிறது. அது குறித்த கண்டுபிடிப்புக்காக எலிசபெத் பிளாக்பர்ன் உள்ளிட்ட மூவர் 2009-ல் நோபல் பரிசு பெற்றார்கள். சரி, அந்தப் பத்து வருஷம்? கட்டுரையாளர் ஆதாரமாகக் காட்டியது, பிளாக்பர்னும் எலிசா எபெலும் மற்றவர்களும் 2004-ல் வெளியிட்ட ஆய்வை. அதில் இருந்தவர்கள் 58 தாய்மார்கள். மனச்சோர்வு நோயாளிகள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். பெரும்பாலோர் நாள்பட்ட நோயுள்ள பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர்கள். மன அழுத்தம் மிக அதிகம் என்றவர்களை மிகக் குறைவு என்றவர்களோடு ஒப்பிட்டபோது வந்த வித்தியாசம் அது. அளந்தது ரத்த அணுக்களின் டெலோமியர் நீளத்தை. யார் எத்தனை வயது வரை வாழ்ந்தார் என்பதை அல்ல.

மனச்சோர்வு பற்றியே பேசுவதென்றால் நெதர்லாந்தில் ஆயிரக்கணக்கானவர்களை வைத்து நடந்த ஆய்வு இருக்கிறது. 2014-ல் அதன் முடிவு வந்தது. நோய் இல்லாதவர்களுக்கு டெலோமியரின் சராசரி நீளம் 5,541 இணைகள் (டி.என்.ஏ. இழையின் நீளத்தை இந்த இணைகளால்தான் எண்ணுகிறார்கள்). மனச்சோர்வு உள்ளவர்களுக்கு அதைவிட 80 போலக் குறைவு. நூற்றுக்கு ஒன்றரை! இத்தனை பேரின் சராசரியில் தெரிகிற இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்து, என் தங்கை ஒருத்தியின் உடம்பைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது. மனச்சோர்விலிருந்து மீண்டவர்களுக்கும் நீளம் குறைவாகவே இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதே ஆய்வுக் குழு பதற்ற நோயை ஆராய்ந்தபோது, மீண்டவர்களுக்கும் நோயே வராதவர்களுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. தேய்மானத்தால் மனம் சோர்கிறதா, சோர்வால் தேய்கிறதா, இரண்டுக்கும் வேறு காரணம் இருக்கிறதா என்பதையும் இத்தகைய ஒப்பீடு காட்டிவிடாது. கட்டுரையில் இது பற்றி ஒரு வரி கூட இல்லை.

கட்டுரைக்குக் கீழேயே டெலோமியர் பரிசோதனை விளம்பரம் வேறு. அதற்குப் பணம் கட்டலாமா என்றும் தங்கை கேட்டாள். வேண்டாம் என்று அவளை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். மாத்திரையை நிறுத்தாதே என்பதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறாள்.

தலைப்பு போடுகிறவர், இதைப் படிப்பவர்களில் நோயாளியும் இருப்பார் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். விளம்பரத்தைக் கட்டுரையை விட்டுத் தள்ளிப் போடுங்கள். அந்த இடத்தில் அரசின் மனநலத் தொலைபேசி சேவையான டெலி மானஸ் உதவி எண் 14416-ஐப் போடுங்கள். அப்புறம், கட்டுரைக்கு ஒரு திருத்தம் அதே ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில் வந்தால் அதையும் கத்தரித்து அந்த டப்பாவில் வைப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி