எங்கள் முதல் குளிர்காலத்துக்குத் துணை நின்ற ஊருக்கு

அன்புள்ள ஊராருக்கு,

இந்த மடலை ஸ்பானிய மொழியில் எழுதி ஊர் மன்ற வாசலில் ஏற்கெனவே ஒட்டிவிட்டோம். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. வேலைக்காகக் கண்காணாத ஊர்களில் போய்க் குடியேறும் நம் ஆட்களுக்கு உங்களைப் பற்றித் தெரிய வேண்டும். ஊர்ப் பெயரையும் யாருடைய பெயரையும் இங்கே எழுதவில்லை. இருநூறு பேர்கூட இல்லாத ஊரில் பெயரைச் சொன்னால் வீடு வரைக்கும் வழி சொன்ன மாதிரி ஆகிவிடும்.

என் கணவருக்கு ஸ்பெயினின் தெருவெல் மாகாணத்தில் உள்ள தெருவெல் விமான நிலையத்தில் விமானப் பராமரிப்பு வேலை. அதனால்தான் ஹிலோகா ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு வந்தோம். ஸ்பெயின் என்றதும் கடற்கரையும் வெயிலும் என்று மதுரையில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். இந்தப் பக்கம் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்து மேட்டு நிலம். மாகாணம் முழுக்கச் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 9 பேர்தான். இதே பள்ளத்தாக்கில் இருக்கும் கலமோச்சா ஊரில் 1963 டிசம்பரில் மைனஸ் 30 டிகிரி பதிவாகியிருக்கிறது. 2021 ஜனவரியில் ஃபிலோமேனா பனிப்புயல் ஓய்ந்ததும் பெயோ என்ற சிற்றூரில் மைனஸ் 25.4. இந்த எண்களை உள்ளூர்க்காரர்கள் பிள்ளைகளின் பிறந்த தேதி போல ஞாபகத்தில் வைத்திருக்கிறார்கள்.

முதல் நன்றி ஊர் மன்றச் செயலாளர் அம்மாவுக்கு. பக்கத்து ஊர்களுக்கும் சேர்த்து அவர் ஒருவர்தான். வாரத்தில் சில நாட்கள் மட்டும் இங்கே வருவார். குடியிருப்புப் பதிவு இல்லாமல் பள்ளிச் சேர்க்கையும் மருத்துவ அட்டையும் நகராது. அவர் தன் நேரம் முடிந்த பிறகும் உட்கார்ந்து எங்கள் தாள்களைச் சரிபார்த்துக் கொடுத்தார். பள்ளி ஆசிரியைக்கும் அப்படித்தான் கடன்பட்டிருக்கிறோம். வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் படிக்கிற பள்ளி அது. பிள்ளைகள் குறைந்தால் மூடிவிடுவார்களோ என்ற கவலை ஊரில் எப்போதும் உண்டு. எங்கள் பிள்ளைகள் இருவரையும் சேர்த்த அன்று அவர் வாசல் வரை வந்து கைபிடித்து அழைத்துப் போனதை என் மகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் குளிரைப் பற்றி எங்களுக்கு நிஜமாகவே சொல்லிக்கொடுத்தது பக்கத்து வீட்டுப் பாட்டி. அக்டோபர் கடைசியில் அவர் வீட்டில் குங்குமப்பூ வேலை. விடியற்காலையில், பூ விரியும் முன்பே பறித்துக் கூடையில் கொண்டுவந்துவிடுவார்கள். அன்றைக்குப் பறித்ததை அன்றைக்கே உரிக்க வேண்டும். மேசையைச் சுற்றிப் பெண்கள் உட்கார, என்னையும் இழுத்து உட்காரவைத்தார். ஊதா இதழை விலக்கி, மூன்று சிவப்பு இழைகளும் சேருகிற இடத்தில் நகத்தால் கிள்ள வேண்டும். மேலே கிள்ளினால் இழைகள் தனித்தனியாகப் பிரிந்துவிடும், கீழே கிள்ளினால் மஞ்சள் தண்டு கூடவே வந்துவிடும். ஒரு கிலோ உலர்ந்த குங்குமப்பூவுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் பூ வேண்டுமாம். இழைகளைச் சல்லடையில் பரப்பி இளஞ்சூட்டில் வாட்டுவார்கள். அந்த வாசனை சட்டையில் நாள்கணக்கில் நிற்கும். நான் ஸ்பானிய மொழி கற்றுக்கொண்டது வகுப்பில் அல்ல, அந்த மேசையில். யார் வீட்டுக் குழாய் போன வருஷம் வெடித்தது, எந்த விறகுக்காரர் நல்லவர் என்பதெல்லாம் அங்கேதான் காதில் விழுந்தது.

பாட்டி சொன்ன விறகுக்காரர் ஓக் விறகு கொண்டுவந்தார். இறக்கிவிட்டுப் போகவில்லை. இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார். காய்ந்த கட்டை கணீரென்று கேட்கும், பச்சைக் கட்டை மந்தமாகக் கேட்கும். கட்டையின் முனையில் வெடிப்பு ஓடியிருக்கிறதா என்று பார்க்கவும் சொன்னார். பச்சை விறகு எரித்தால் புகைபோக்கியில் கரி படிந்து தீப்பிடிக்கும் என்று எச்சரித்து, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி மாட்டும் வரை இரவில் அடுப்பை மூட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். விறகு விற்கிறவருக்கு இதெல்லாம் வேலையே இல்லை.

ஜனவரியில் ஒரு காலை, குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. எதிர்வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். வீட்டுக்குள் வந்து குழாய் முனையிலிருந்து தொடங்கி, தலைமுடி உலர்த்தும் கருவியால் மெதுவாகச் சூடு காட்டிக்கொண்டே பின்னால் போனார். அப்புறம் வாசலில் இருக்கிற மீட்டர் பெட்டிக்குள் பழைய கம்பளியைத் திணித்தார். கடுங்குளிர் இரவுகளில் ஒரு குழாயை நூல் போல ஒழுகவிட வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது. இப்போது ஒலிபெருக்கியில் ஊர் மன்றம் உறைபனி எச்சரிக்கை சொன்னால் என் மகன்தான் முதலில் சமையலறைக்கு ஓடுகிறான்.

பனி கொட்டிய அன்று விடியுமுன்னே டிராக்டரில் தகடு மாட்டி எங்கள் தெருவைச் சுத்தம் செய்த விவசாயிக்கு என் கணவர் தனியாக நன்றி சொல்லச் சொன்னார். அவர் பணிக்குப் போய்ச் சேர்ந்தது அந்த ஒரு தடத்தால்தான். ரொட்டி வண்டி ஓட்டும் அக்காவுக்கும் நன்றி. ஹாரன் சத்தத்துக்கு நான் வெளியே வராவிட்டால் கதவைத் தட்டி ரொட்டியைக் கொடுத்துவிட்டுப் போவார். சரகோசா நகரத்திலிருந்து புளியும் துவரம்பருப்பும் பேருந்தில் ஏற்றி அனுப்பிய தமிழ்க் குடும்பத்துக்கும்.

ஜனவரி 17 சான் அந்தோன் திருநாள். ஆடு மாடு, நாய், குதிரை எல்லாவற்றுக்கும் காவலான துறவி. முந்தின நாள் இரவு தெருவில் பெரிய தீ வளர்த்து, கங்கில் இறைச்சி வாட்டுவார்கள். நாங்கள் சைவம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கென்று உருளைக்கிழங்கும் வெங்காயமும் தனி மூலையில் சுட்டு வைத்திருந்தார்கள். நம் மாட்டுப் பொங்கல் முடிந்த கையோடு வருகிற நாள் இது. நான் கொண்டுபோன சர்க்கரைப் பொங்கலை மேய்ப்பர் ஒருவர் மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, எங்கள் ஊரில் மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் பூசுவதைப் பற்றி நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். வந்த நாளிலிருந்து நெஞ்சில் இருந்த பாரம் அன்றைக்குக் குறைந்தது.

பாட்டிக்கு முட்டி வலி என்று தெரியும். வரும் அக்டோபரில் வயலில் குனிந்து பூப் பறிக்க நாங்கள் இருவரும் விடியலில் வருகிறோம்; பாட்டி மேசையில் உட்கார்ந்தால் போதும். விறகு அடுக்கவும் ஆள் வேண்டுமென்றால் எந்த நேரமும் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
மேலத்தெரு மதுரைக் குடும்பம்